சிறு கட்சியின் உறுதி

ஆசிரியர் அவர்களுக்கு,

நெதர்லாந்தில் இரு சிறு புராட்டஸ்டண்ட் கட்சிகள் 2000-ஆம் ஆண்டில் இணைந்து உருவான கிறிஸ்தவ ஒன்றியக் கட்சியைப் பற்றி நம் நாளிதழ்கள் அதிகம் எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தமே. 150 இடங்கள் கொண்ட கீழவையில் ஐந்தே உறுப்பினர்களுடன் நான்கு கட்சிக் கூட்டணி அரசில் பங்கேற்றிருந்த அக்கட்சி, போருக்குத் தப்பி வந்த அகதிகளின் மனைவி மக்கள் வந்து சேர்வதைக் கட்டுப்படுத்தும் திட்டத்தைப் பிரதமர் மார்க் ருட்டே வலியுறுத்தியபோது, பிள்ளைகள் பெற்றோருடன் வளர வேண்டும் என்பதில் உறுதியாக நின்றது. அதனால் 2023 ஜூலையில் அரசே கவிழ்ந்தது. நவம்பர் தேர்தலில் அக்கட்சிக்கு மூன்று இடங்களே கிடைத்தன. கருணைக்கொலை, கருக்கலைப்பு குறித்த அதன் கடுமையான நிலைப்பாடு எனக்கு உடன்பாடானதன்று. ஆயினும், பதவியை இழக்க நேரும் என்று அறிந்தே எடுத்த அம்முடிவை மனதார மதிக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சிராப்பள்ளி