இன்னும் ஒரு மடக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுத பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. "நல்லா இருந்த வயித்தை நானே கெடுத்துக்கிட்டேனோப்பா" என்று கேட்டாய். அப்போது எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எடை குறைக்கிற ஆபரேஷன் முடிந்து இன்றைக்கு 20 நாள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள், மிச்சம் இருப்பது ஒரு ஒடுங்கிய குழாய். வெளியே நாலைந்து சின்னத் தழும்புதான் தெரிகிறது என்பதற்காக உள்ளே நடந்ததும் சின்னது என்று நினைக்காதே. களைப்பாக இருந்தால் படு. கனமான எதையும் இப்போதைக்குத் தூக்காதே. ஆனால் நடப்பதை மட்டும் விட்டுவிடாதே, காலில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க அது வேண்டும்.

உன்னோடு இருந்த அந்தப் பத்து நாளில் என் மனதில் நிற்பது அந்த மருந்து மூடிதான். சிரப் பாட்டிலோடு வருமே, அது. அதில் 30 மில்லி தண்ணீர் குடித்து முடிக்க உனக்குக் கால் மணி நேரம் ஆகும். ஒரு மடக்கு குடிப்பாய், அப்புறம் நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, இறங்கிவிட்டதா என்று காத்திருப்பாய். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போக வேண்டும் என்றார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் ஒரு மடக்கு, இன்னும் ஒரே மடக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் தட்டைப் பார்த்து "போதும்" என்று சொன்னவனும் நான்தான். விருந்தாளிகள் முன்னால்கூடச் சொல்லியிருக்கிறேன். நீ கையை இழுத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. என்னை மன்னித்துவிடு பாப்பா. நேரில் கேட்கத் தைரியம் வரவில்லை.

அழுகை வருவது உன் பலவீனம் இல்லை. கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதில் தங்கியிருந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்குமாம், அதில் மனசும் ஆட்டம் காணும். அதோடு, எந்தக் கவலை வந்தாலும் நீ சாப்பிட்டுத்தான் ஆற்றிக்கொள்வாய். இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. கூடவே இருந்த ஒரு துணை போன மாதிரிதானே அது? அழத்தான் செய்வாய். ஆனால் இரண்டு வாரமாகியும் இது விடவில்லை என்றால், தூக்கமும் கெட்டால், டாக்டரிடம் மறைக்காமல் சொல். மனநல ஆலோசகரைப் பார்ப்பதும் இந்தச் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

எடை மூன்று நாளாக அசையவில்லை என்றாய். மூன்றாவது வாரம் வாக்கில் பலருக்கும் அப்படி நிற்கும். தினமும் மிஷினில் ஏறி மனசைப் புண்ணாக்கிக்கொள்ளாதே, வாரம் ஒரு தடவை போதும். மூன்றாம் மாதம் முடி கொட்டினாலும் பயப்படாதே, திரும்ப வளரும். புரதத்தை முதலில் சாப்பிடு, சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடி. வைட்டமின் மாத்திரையை ஒரு நாளும் விடாதே.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். காய்ச்சல், படபடவென்று நெஞ்சு அடிப்பது, மூச்சு வாங்குவது, வயிற்று வலி கூடுவது, தண்ணீர்கூட தங்காமல் வாந்தி வருவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

சனிக்கிழமை வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, டிக்கெட் எடுத்தாயிற்று. அந்த மருந்து மூடியைத் தூக்கிப் போடாமல் வைத்திரு.

உன் அப்பா