தாண்டியதை எழுதுங்கள்: விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் விளையாட்டுச் செய்திகளைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடல் ஒரு ஜப்பானியரைப் பற்றியது. பெயர் டோரு சுசுகி. உயரம் தாண்டும் வீரர். வலது காலில் முழங்காலுக்குக் கீழே கிடையாது. 2000-இல் சிட்னி தொடங்கி 2021-இல் நடந்த டோக்கியோ வரை வரிசையாக ஆறு பாராலிம்பிக் போட்டிகளில் தாண்டியவர். சிட்னியிலும் ஏதென்ஸிலும் 6-ஆவது இடம். பெய்ஜிங்கில் 5-ஆவது. லண்டன், ரியோ, டோக்கியோ மூன்றிலும் 4-ஆவது. பாராலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

பாராலிம்பிக் பதக்கம் வாங்காத ஒரு வெளிநாட்டவரைப் பற்றி உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. பாரா விளையாட்டுச் செய்திகளில் நீங்கள் எதை விட்டுவிடுகிறீர்களோ, அதுதான் அவருடைய விளையாட்டு வாழ்க்கை முழுவதும். எப்படித் தாண்டினார் என்பதைத்தான் சொல்கிறேன்.

நம் செய்திகள் ஒரே அச்சில் வருகின்றன. முதல் பத்தியில் விபத்து. அடுத்ததில் அம்மா பட்ட கஷ்டம். அப்புறம் பதக்கம், அரசு அறிவித்த பரிசுத்தொகை, தலைவர்களின் வாழ்த்து. 2016-இல் ரியோவில் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு தங்கம் வென்றபோது இதைத்தான் படித்தோம். ஐந்து வயதில் அவர் கால்மீது பேருந்து ஏறியது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்ததும் தெரியும். அவர் தாண்டிய உயரம் 1.89 மீட்டர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எந்தப் பிரிவில் தாண்டினார், மற்றவர்கள் எந்த உயரத்தில் நின்றுவிட்டார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? படிப்பவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அச்சில் வந்தால்தானே தெரியும்.

சுசுகியின் கதையையும் அந்த அச்சில் வார்த்துவிடலாம். 1980-இல் பிறந்தவர், யமனாஷி மாகாணத்துக்காரர். பள்ளியில் அவர் ஆடியது ஹேண்ட்பால். பல்கலைக்கழகத்திலும் அதையே ஆடப் போகிறவர். 1999-இல், பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில், கார் விபத்தில் கால் போனது. விபத்தைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் விளையாட்டு இருக்கிறது. இடத்தை அதற்குக் கொடுக்க வேண்டும்.

விபத்து நடந்து இரண்டு ஆண்டு நிறையவில்லை, அவர் சிட்னி பாராலிம்பிக்கில் நிற்கிறார். செயற்கைக்காலோடு உயரம் தாண்டுவதில் ஜப்பானில் அவருக்கு முன்னால் ஆள் இல்லை. பார்த்துப் பழக ஒரு மூத்த வீரர் கிடையாது. எல்லாவற்றையும் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நம் செய்திகளில் வராதது இதுதான். உயரம் தாண்டுபவர் நேராக ஓடிவந்து தாண்டுவதில்லை. முதலில் நேர்க்கோடு, கடைசி நான்கைந்து காலடிகள் வளைவு. அந்த வளைவில் உடம்பை உள்பக்கம் சாய்த்து ஓடவேண்டும். எகிறும் நொடியில் அந்தச் சாய்வு நிமிர்ந்து, முதுகு கம்பியைப் பார்க்கும்படி உடம்பை மேலே திருப்பிக் கொண்டுபோகும். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி இப்படித் தாண்டித் தங்கம் வென்றதிலிருந்து உலகமே இந்த முறைக்கு மாறிவிட்டது. சாய்ந்து ஓடுவதற்குக் கணுக்கால் வேண்டும். அது பக்கவாட்டில் மடங்கிக் கொடுக்கும். கார்பன் இழையில் செய்த பிளேடுக்கு, அதாவது விளையாட்டுக்கான செயற்கைக்காலுக்கு, கணுக்கால் கிடையாது. நேராக ஓடுவதற்கு உதவும்படிதான் அது வளைந்து நிமிரும். வளைவில் சாயும்போது ஒரு பக்க விளிம்பில்தான் பாரம் இறங்கும்.

இதைவிடக் கஷ்டமானது கடைசிக்கு முந்தைய காலடி. முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்கள் பெரும்பாலும் நல்ல காலை ஊன்றித்தான் எகிறுவார்கள். அப்படியென்றால் அதற்கு முந்தைய காலடி பிளேடில் விழும். இடுப்பைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டிய காலடி அதுதான். தாழ்த்தாமல் எகிறினால் உயரம் வராது. அதிகமாகத் தாழ்த்தினால் ஓடிவந்த வேகம் அங்கேயே செத்துவிடும். மற்றவர்களுக்குப் பாதம், கணுக்கால், முழங்கால், இடுப்பு எல்லாம் சேர்ந்து இந்த வேலையைப் பார்க்கும். பிளேடில் வருபவருக்கு முழங்காலும் இடுப்பும் மட்டும்தான். பிளேடு அழுந்தும், திருப்பித் தள்ளும். ஆனால் எவ்வளவு அழுந்தும் என்பது அதன் விறைப்பைப் பொறுத்தது. நினைத்த நேரத்தில் இறுக்கவும் தளர்த்தவும் அது தசை இல்லை. பிளேடை மாற்றினால் ஓடிவரும் தாளத்தையே மறுபடி பழகவேண்டியிருக்கும். போதாததற்கு, சாக்கெட்டுக்குள், அதாவது செயற்கைக்காலைக் காலோடு பொருத்தும் உறைக்குள், இருக்கும் கால் ஒரே அளவில் இருக்காது. வீங்கும், வற்றும். சாக்கெட் சற்றே தளர்ந்தாலும் வளைவில் கால் உள்ளே அசைந்து கொடுத்துவிடும்.

இந்தக் காலோடு 2006-இல் சுசுகி 2.00 மீட்டர் தாண்டினார். செயற்கைக்கால் பொருத்திக்கொண்டு அந்த உயரத்தைத் தாண்டியவர்களில் அவர் உலகில் இரண்டாவது ஆள். நம் வீடுகளின் நிலைவாசல் ஏறக்குறைய அந்த உயரம். உடலில் குறை ஏதும் இல்லாத வீரர்களில் இந்தியாவின் தேசிய சாதனையே தேஜஸ்வின் சங்கர் 2018-இல் தாண்டிய 2.29 மீட்டர்தான்.

அவருடைய சொந்தச் சாதனை 2.02 மீட்டர். அதைத் தாண்டியது 2016-இல். அதாவது 26 வயதில் தாண்டியதைவிட 36 வயதில் இரண்டு சென்டிமீட்டர் அதிகம். பத்து ஆண்டுகளுக்கு இரண்டு சென்டிமீட்டர். எகிறும் சக்தி வயதோடு குறையும் விளையாட்டு இது. அந்தக் குறைவை ஈடுகட்டி, அதற்கு மேலும் இரண்டு சென்டிமீட்டர் எடுக்க ஒரு மனிதர் எத்தனை நுணுக்கங்களைத் திருத்தியிருப்பார்! ஒரு விளையாட்டு நிருபருக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இதில் பதக்கம் இல்லை என்பதால் இது செய்தியே இல்லாமல் போய்விடுகிறது.

அவர் இரண்டு சென்டிமீட்டர் ஏறிய அதே காலத்தில் போட்டியே வேறு உயரத்துக்குப் போய்விட்டது. போலந்தின் மச்சேய் லெபியாடோ 2012-இல் லண்டனில் 2.12 தாண்டித் தங்கம் வென்றார், ரியோவில் 2.19. ரியோவில் சுசுகிக்கு மறுபடியும் 4-ஆவது இடம். அடுத்த ஆண்டு லண்டனில் நடந்த உலக பாரா தடகள சாம்பியன்ஷிப்பில் 2.01 தாண்டி வெண்கலம் வாங்கினார். 37 வயதில்.

டோக்கியோவுக்கு வருவோம். இந்தப் போட்டி உங்கள் பக்கங்களில் வந்தது, ஏனென்றால் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பிரவீன் குமார் அதில் 2.07 தாண்டி, ஆசிய சாதனையோடு வெள்ளி வென்றார். அவருக்கு அப்போது 18 வயது. சுசுகி சிட்னியில் தாண்டியபோது பிரவீன் பிறக்கவே இல்லை. பிரிட்டனின் ஜோனதன் புரூம்-எட்வர்ட்ஸ் 2.10 தாண்டித் தங்கம், லெபியாடோ 2.04 தாண்டி வெண்கலம். 41 வயதில், சொந்த நாட்டில், பார்வையாளர்கள் இல்லாத மைதானத்தில், சுசுகி 1.88 தாண்டி 4-ஆவது.

அந்தப் பட்டியலில் ஒரு விஷயம் இருக்கிறது. போட்டியின் பெயர் டி64. ஆனால் டி64, டி44 என்ற இரண்டு பிரிவுகளும் அதில் சேர்ந்தே தாண்டின. டி64 என்றால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக்காலோடு போட்டியிடுபவர்கள். டி44 என்றால் காலில் குறை இருந்தும் செயற்கைக்கால் இல்லாமல் போட்டியிடுபவர்கள். பதக்கம் வாங்கிய மூவருமே டி44. செயற்கைக்காலோடு தாண்டியவர்களில் எல்லோருக்கும் முன்னால் நின்றவர் சுசுகிதான். இதில் அநியாயம் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. விதி அப்படி, அந்த விதிக்குள்தான் மூவரும் வென்றார்கள், பிரவீனின் 2.07 எந்தக் கணக்கிலும் பெரிய தாண்டல். ஆனால் பிரிவின் பெயரை எழுதி, அதன் பொருளை ஒரு வரியில் சொல்லியிருந்தால், வெறும் 4-ஆவது இடமாகத் தெரிவது வேறு விதமாகத் தெரிந்திருக்கும்.

மாரியப்பனுக்கும் இதே கதிதான். அவர் டி42, அதாவது காலில் குறை இருந்தும் செயற்கைக்கால் இல்லாமல் தாண்டுபவர். டோக்கியோவிலும் பாரிஸிலும் அவர் இறங்கியது டி63 போட்டியில், அதாவது முழங்காலுக்கு மேல் கால் இழந்து செயற்கைக்காலோடு வருபவர்களோடு சேர்ந்து. டோக்கியோவில் அவர் தாண்டிய அன்று மழை. அமெரிக்காவின் சாம் க்ரூ 1.88, மாரியப்பன் 1.86, வெள்ளி. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை மழையில் நனைந்து, தாண்டச் சிரமமாகிவிட்டது என்று போட்டி முடிந்ததும் அவரே சொன்னார். ஒரு தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டரும் ஒரு ஈரக் காலுறையும் இருந்தன. இதை விரித்து எழுதியிருந்தால், அடுத்த நாள் மைதானத்துக்குப் போகிற ஒரு பையன் மழை நாளில் மாற்றுக் காலுறை எடுத்துப் போயிருப்பான்.

2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் அதே மாரியப்பன் 1.88 தாண்டி உலக சாம்பியன் ஆனார். அதே ஆண்டு பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். நம்மில் எத்தனை பேர் கோபேயை நினைவில் வைத்திருக்கிறோம்?

ஜப்பானில் முதல் எட்டு இடங்களுக்குள் வருபவர்களைத் தனியாகப் பதிவுசெய்து மதிக்கும் பழக்கம் இருக்கிறது. உயரம் தாண்டுதலில் ஒலிம்பிக் பதக்கமே வாங்காத நாடு அது. ஆனாலும் 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் 1.97 தாண்டி 5-ஆவதாக வந்த கிமியோ யாதாவை மறக்கவில்லை. 2024-இல் பாரிஸில் ரியோயிச்சி அகமட்சு 2.31 தாண்டி 5-ஆவது வந்தபோது, 88 ஆண்டுகளுக்குப் பிறகு என்று கணக்குச் சொல்லி எழுதினார்கள். அப்படிக் கணக்குச் சொல்ல வேண்டுமென்றால் யாராவது அன்றே எழுதி வைத்திருக்க வேண்டும். தமிழில் அந்த வேலையைச் செய்ய உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

உங்கள் சிரமம் புரியாமல் இல்லை. ஆட்கள் குறைவு, பக்கம் குறைவு, முடிவுகள் வரும் நேரத்தில் பதிப்பு அச்சுக்குப் போய்விடும். கிரிக்கெட் இருக்கும் நாளில் மற்றதற்கு இடமே இருக்காது. ஆனால் நான் கேட்பதற்குக் கூடுதல் பக்கம் வேண்டாம். விபத்துக்கு ஒதுக்குகிற பத்தியைச் சுருக்கி, அந்த இடத்தில் தாண்டலை எழுதுங்கள். எந்தப் பிரிவு, என்ன உயரம், எத்தனையாவது முயற்சியில், எந்தக் காலால் எகிறினார் என்று எழுதுங்கள். அம்மாவிடம் மைக்கை நீட்டுவதற்கு முன் பயிற்சியாளரிடம் நீட்டுங்கள். பதக்கம் வாங்காமல் திரும்பும் நம் வீரர்களிடமும் ஒரு பேட்டி எடுங்கள். அடுத்த போட்டிக்கு அவர்கள் எதைத் திருத்தப் போகிறார்கள் என்று கேளுங்கள். சுசுகியிடம் ஆறு முறை கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

2026 அக்டோபரில் ஜப்பானின் அய்ச்சி-நகோயாவில் ஆசிய பாரா விளையாட்டுப் போட்டிகள். உயரம் தாண்டுதல் நடக்கும் நாளில் பதக்கப் பட்டியலோடு நிறுத்திவிடாமல், தாண்டிய எல்லோருடைய பெயரையும் பிரிவையும் உயரத்தையும் ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். மூன்று முறை கம்பியைத் தட்டிவிட்டு வெளியேறியவர்களின் பெயரும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
விளையாட்டுப் பக்கத்தை முதலில் படிக்கும் ஒரு வாசகர்