அண்ணனுக்கு, அந்தச் சாவியைப் பற்றி

அண்ணா,

இந்த மார்ச்சோடு 25 வருஷம். 2001-இல் மலேசியாவில், நம் கம்போங் மேடானில் ஒரு கல்யாண வீட்டுக்கும் ஒரு சாவு வீட்டுக்கும் நடுவே மூண்ட தகராறு இனக் கலவரமாகி 6 உயிரைக் கொண்டுபோன கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உனக்குத் தெரியாதது சாவி மட்டும்தான்.

அம்மா ஒளித்தார் என்று இன்னமும் நினைக்கிறாய். நான்தான் ஒளித்தேன். இரும்புக் கதவைப் பூட்டி, அரிசி போட்டு வைத்திருந்த மைலோ டின்னுக்குள் சாவியை மணிக்கட்டுவரை கையை விட்டுப் புதைத்தேன். நீ கையில் குழாயோடு கதவை உதைத்துக்கொண்டிருந்தாய். சந்து முனையிலிருந்து உன் சிநேகிதன் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான், மூன்று தரம். என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த தவிட்டு வெள்ளையை நீ பார்த்துவிடுவாயோ என்று பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தேன். நாலாவது தரம் சத்தம் வரவில்லை.

அவன் வலது கை அப்புறம் நிமிரவே இல்லை. அதற்காக நீ அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். மன்னித்துவிடு. ஆனால் உனக்கு அப்போது 19 வயது, அந்தக் குழாயோடு வெளியே போயிருந்தால் வெட்டுப்பட்டிருப்பாய், இல்லை இன்னொரு வீட்டுப் பிள்ளையை அடித்துப் போட்டிருப்பாய். இன்றைக்கும் நான் பூட்டத்தான் செய்வேன். யார் எதை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கமிருந்து வந்தார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன், பலர் படிப்பார்கள், அவர்களுக்கும் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நீ நாலே மாதத்தில் ஜொகூருக்குப் போய்விட்டாய். அப்பாவையும் அம்மாவையும் அந்தச் சந்திலேயே வைத்துப் பார்த்தது நான். 2015-இல் கோலாலம்பூர் லோ யாட் கடைவளாகத்தில் ஒரு கைப்பேசித் திருட்டு இனச் சண்டையாக மாறிய ராத்திரி, போன் போட்டு என்ன சொன்னாய்? "பையனை வெளியே விடாதே, கதவைப் பூட்டு." நீ பூட்டச் சொன்னால் பாசம், நான் பூட்டினால் துரோகமா?

போன மாதம் எங்கள் செந்தூல் பிளாட்டில், ஃபுட்சால் திடலில் பையன்களுக்குள் தகராறு. என் மகனும் அதில் இருந்தான். ஹெல்மெட்டால் அடித்ததில் ஒரு மலாய்ப் பையனுக்கு நெற்றியில் 4 தையல். ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் அது "அவங்க ஆளுங்க, நம்ம ஆளுங்க" என்று ஆகிவிட்டது. என் கை தானாகச் சாவிக்குப் போனது. அப்புறம் அதே சாவியால் கதவைத் திறந்து, மகனைக் கூட்டிக்கொண்டு, இரண்டு மாடி ஏறி அந்தப் பையனின் அம்மா வீட்டுக்குப் போனேன். கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கவைத்தார். பிறகு உட்காரச் சொன்னார்.

ருக்குன் தெத்தாங்கா, அதாவது அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் அமைப்பு ஆட்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். பெரியவர்கள் ஒரு மணி நேரம் ஒற்றுமை பற்றிப் பேசினார்கள், பையன்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை தரம் கேட்டாயிற்று இந்தப் பேச்சை! அடுத்த கூட்டத்தில் முதலில் நானும் அந்த அம்மாவும்தான் பேசப்போகிறோம். நான் மைலோ டின்னைப் பற்றிச் சொல்வேன், நம் பையன்கள் முன்னாலும் அவர்கள் பையன்கள் முன்னாலும். உன் பேரைச் சொல்ல மாட்டேன். நீ வந்தால் நீயே சொல், என்மேல் இருக்கும் கோபத்தையும் சேர்த்துச் சொல்.

சனிக்கிழமை ராத்திரி 9 மணி, இஷா தொழுகை முடிந்ததும். கீழ்த்தள மண்டபம். உன் அந்தச் சிநேகிதனையும் கூட்டிவர முடிந்தால் கூட்டி வா.

தங்கச்சி