உன் டாக்டருக்குக் கோபமே வராதா?

அன்புள்ள சேகர்,

உன் கதை கைக்கு வந்து வெகுநாளாகிவிட்டது. பொய்யாகப் பாராட்ட மனம் ஒப்பவில்லை, உள்ளதைச் சொல்லத் துணிவும் வரவில்லை. அதனால்தான் இந்த மௌனம். இங்கே அனைவரும் நலம். மூர்த்தி கடனை வழக்கம்போல அடுத்த மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

உன் கதையில் வரும் டாக்டர் நடுநிசியில் எழுப்பினாலும் புன்னகைக்கிறார். நீயும் டாக்டர்தானே, நடுநிசியில் நீ தொலைபேசியை எடுக்கும் குரலைக் கேட்டவன் நான். என்னிடமே இந்தக் கதையா?

மருத்துவம் எழுத்தாளனுக்குக் கருணையைத் தருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாவை வைத்து டாக்டர்கள் மூவர் எழுதிய கதைகளை அடுத்தடுத்துப் படித்துப் பார்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'எதிரிகள்' 1887இல் வந்தது. ஒரே மகன் டிப்தீரியாவில் இறந்து சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. கார்பாலிக் அமிலம் பட்டு வெந்த கைகளைத் துடைக்காமலே வந்து கதவைத் திறக்கிறார் டாக்டர். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று மன்றாடி அழைத்துப் போகிறான் ஒரு பணக்காரன். போனால், அவள் நோயாளியாக நடித்துக் கணவனை வெளியே அனுப்பிவிட்டு வேறொருவனோடு ஓடிப்போயிருக்கிறாள். துயரத்தில் இருக்கும் இருவரும் ஒருவரையொருவர் குதறிக்கொள்கிறார்கள். டாக்டரின் வெறுப்பு நியாயமற்றது என்றும், அது சாகும்வரை அவரை விட்டுப் போகாது என்றும் ஒளிக்காமல் எழுதுகிறார் செகாவ்.

இன்னொரு ரஷ்யரான புல்ககோவ் 1916இல் பட்டம் பெற்று, ஸ்மொலென்ஸ்க் மாகாணத்துக் கிராம மருத்துவமனை ஒன்றில் தனியாக வேலை பார்த்தவர். அவர் கதையில் இளம் டாக்டர் ஒரு சிறுமியின் கழுத்தைக் கீறிவிட்டு மூச்சுக்குழாயைக் காணாமல் தவிக்கிறார். உதவிக்கு நின்றவர் மயங்கி விழுகிறார். பேசாமல் வார்டிலேயே நிம்மதியாகச் சாக விட்டிருக்கலாமே என்று அப்போது டாக்டரின் மனம் சொல்கிறது. குழந்தை பிழைத்துவிடுகிறாள், ஆனால் அந்த நினைப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

எல்லோரையும்விடத் துணிச்சலானவர் அமெரிக்காவின் நியூஜெர்சியில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். அவர் கதையில், தொண்டையைக் காட்ட வாயைத் திறக்க மறுக்கும் சிறுமி, நாக்கை அழுத்தும் மரக்கட்டையைக் கடித்துச் சிதறடிக்கிறாள். டாக்டர் பிறகு வந்து பார்க்கலாம் என்று போயிருக்கலாம், போகவில்லை. கரண்டி வாங்கி வாயை நெம்புகிறார். உயிரைக் காக்கவே அதைச் செய்கிறார் என்பது உண்மை. ஆனால் அந்த வலுக்கட்டாயத்தில் தனக்கு ஓர் இன்பம் இருந்தது என்பதையும் அந்த டாக்டர் தன் வாயாலேயே சொல்கிறார். 1938இல் தொகுப்பில் வந்த கதை. இன்றும் எத்தனை டாக்டர்கள் அதை ஒப்புக்கொள்வார்கள்?

தன் பயத்தையும் எரிச்சலையும் குரூரத்தையும், நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதுபோல், பதறாமல் பார்க்கும் பழக்கத்தைத்தான் தொழில் இந்த மூவருக்கும் கொடுத்தது. அது உனக்கும் வாய்த்திருக்கிறது. வீட்டில் நீ எரிந்து விழுவதைப் பற்றித் தங்கையே என்னிடம் புகார் சொல்லியிருக்கிறாள். தாளில் மட்டும் ஏன் உனக்கு இந்த மகான் வேஷம்?

கதையைத் திருத்தி, பொங்கலுக்குள் அனுப்பு. கையால் எழுதாதே, உன் எழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்காரரைத் தேடி அலைய எனக்குத் தெம்பில்லை.

அன்புடன்,
பாலு