ஆண்டறிக்கை: குளிர்கால ஹம்மிங்பேர்டுகளும் வராத வால் படங்களும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் நான்கு நடந்தன. செப்டம்பரில், பூந்தேன் குடிக்கும் சின்னஞ்சிறு ஹம்மிங்பேர்டுகளில் ஓர் இனமான ரூபித்தொண்டைகள் தெற்கே இறங்கும் நேரத்தில், டெக்சாஸ் கடலோர ஊரான ராக்போர்ட் போய்வந்தோம்.

மற்ற உழைப்பெல்லாம் குளிர்காலத்தில் நம் வீடுகளுக்கு வரும் ஹம்மிங்பேர்டுகளைக் குறிக்கும் பதிவேட்டுக்கே. அக்டோபரில் ஃபீடரை, அதாவது சர்க்கரைநீர்ப் புட்டியை, கழற்றாதீர்கள் என்று மூன்று முறை எழுதினேன், பலர் கழற்றிவிட்டார்கள். ஃபீடர் தொங்கினால் பறவை வலசை போகாது என்பது வீண் பயம். பகல் சுருங்குவதே அதைக் கிளப்பிவிடும். ஹூஸ்டனில் ரூஃபஸ், பஃப்-பெல்லிட், எப்போதாவது காலியோப் என்று மற்ற இனங்கள் தலைகாட்டுவது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். 2010 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் டலஹாசியில் காலில் அடையாள வளையமிட்ட ரூஃபஸ் ஒன்று அதே ஜூனில் அலாஸ்காவில் பிடிபட்டது. அப்படிப்பட்ட பயணிக்குத்தான் புட்டியைத் தொங்கவிடுகிறோம்.

வந்த படங்களில் பெரும்பாலானவை தொண்டைப் படங்கள். தொண்டையின் அந்தச் சிவப்பு, நிறமி அல்ல; இறகின் நுண்ணமைப்பில் தெறிக்கும் ஒளி. கோணம் மாறினால் கறுப்பு. அதை வைத்துப் பெயர் எழுத மாட்டேன். பெண் ரூபித்தொண்டையையும் பெண் பிளாக்-சின்டையும் பிரிக்க மூடிய சிறகின் நுனி தெரிய வேண்டும்: கடைசி இறகு அகன்று, மழுங்கி, வளைந்திருந்தால் பிளாக்-சின்ட். குடிக்கும்போது ஓயாமல் வாலாட்டுவதும் அதுவே. பச்சை முதுகுள்ள முதிர்ந்த ஆண் ரூஃபஸா ஆலன்ஸா என்பதை விரிந்த வால்தான் சொல்லும்: நடுவிலிருந்து இரண்டாம் இறகின் நுனியில் வெட்டு இருந்தால் ரூஃபஸ்; ஓர இறகு ஊசியாய் ஒடுங்கியிருந்தால் ஆலன்ஸ். ஃபீடர் அருகே காய்ந்த குச்சி ஒன்றை நட்டுவையுங்கள். அதில் உட்கார்ந்து இறகு கோதும்போது வால் விரியும். கேமராவின் ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையக் கூடாது.

சில வீட்டுப் புட்டிகளில் கரும்பூஞ்சை கண்டேன், வருத்தமாக இருந்தது. வெள்ளைச் சர்க்கரை 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு. சாயம், தேன், நாட்டுச்சர்க்கரை எதுவும் வேண்டாம். வெயில் காலத்தில் 2 நாளுக்கொரு முறை கழுவி மாற்றுங்கள். உறைபனி இரவில் உள்ளே எடுத்து, விடியுமுன் மாட்டுங்கள்.

வரவும் செலவும் ஏறத்தாழ நேர்; விவரம் பொருளாளரிடம். சந்தா பாதிப்பேர் தரவில்லை. பறவையைப் பிடித்து வளையமிட உரிமம் உள்ள ஒருவரை அழைக்கப் பெட்ரோல் செலவுக்குக்கூடப் பணமில்லாமல், இரண்டு வீட்டுப் பறவைகள் பதிவேட்டில் ‘ரூஃபஸ் அல்லது ஆலன்ஸ்’ என்றே நிற்கின்றன.

இடம் தந்தவர்களுக்கும் தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் பதிவேட்டை நானே எழுதத் தயார். நவம்பர் 1க்குள் சந்தாவும், எந்தெந்த வீட்டில் ஃபீடர் தொங்குகிறது என்ற பட்டியலும் கைக்கு வந்தால், வளையமிடுபவரிடம் ஜனவரியில் இரண்டு நாள் கேட்டு வாங்கிவிடலாம்.

செயலாளர்