வெகனரை ஏன் மறுத்தார்கள்?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. கண்டங்கள் நகர்கின்றன என்ற ஜெர்மன் அறிவியலாளர் வெகனரின் கருத்தை ஐம்பது ஆண்டுகள் மறுத்தவர்கள் வெறும் பிடிவாதக்காரர்கள் என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். புவியியல் ஆசிரியையாக இருந்தபோது நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது இரு தரப்புக்குமே நியாயம் செய்வதாகாது என்று இப்போது தோன்றுவதால் விரிவாக எழுதுகிறேன்.

1912 சனவரியில் பிராங்பர்ட் நகரில் வெகனர் பேசியபோது, கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தன என்பதற்கான சான்றுகளுக்குக் குறைவில்லை. குளோசாப்டெரிஸ் என்னும் தாவரத்தின் புதைபடிவங்கள் இந்தியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் கிடைத்திருந்தன. வெயில் கொளுத்தும் ஒடிசாவின் தால்சேரில் பழைய பனியாறு விட்டுச்சென்ற பாறைகளை 1856இலேயே அடையாளம் கண்டிருந்தார்கள். ஆனால் கண்டங்களைத் தள்ளுவது எது? புவிச் சுழற்சியால் எழும் விசையையும், நிலவும் சூரியனும் ஈர்ப்பதையும் வெகனர் காரணமாகக் காட்டினார். அவை இதற்குக் கொஞ்சமும் போதா என்று பிரிட்டன் புவி இயற்பியலாளர் ஹெரால்டு ஜெஃப்ரீஸ் கணக்கிட்டுச் சொன்னார். அந்தக் கணக்கு சரியானதே. கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் விலகுகிறது என்று வெகனர் நம்பிய அளவீடும் பிழையானது; உண்மையில் விலகுவது ஓரிரு சென்டிமீட்டர்தான். 1930இல் அந்தக் கிரீன்லாந்துப் பனியிலேயே அவர் இறந்தார், 50 வயதில். விசை தெரியவில்லை என்பதற்காகச் சான்றுகளையும் சேர்த்து ஒதுக்கியதுதான் மறுத்தவர்களின் தவறு என்பேன்.

விடை கடலடியிலிருந்து வந்தது. 1962இல் பிரிட்டன் கடற்படையின் ஓவன் கப்பல் இந்தியப் பெருங்கடலில், கார்ல்ஸ்பெர்க் என்னும் கடலடி மலைத்தொடரின் மேல் காந்த அளவீடுகள் எடுத்தது. அவற்றை ஆராய்ந்த பிரெட் வைன் அப்போது கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவர், ஏறத்தாழ உன் வயதுதான். மலைத்தொடரின் நடுப்பிளவில் மேலெழும் எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது அன்றைய புவிக்காந்தத்தின் திசையைப் பதித்துக்கொள்ளும், புவிக்காந்தம் அவ்வப்போது திசை மாறும், ஆகவே இருபுறமும் விரியும் கடல்தரை அந்த மாற்றங்களைப் பட்டை பட்டையாகச் சுமந்திருக்கும் என்று அவரும் அவருடைய வழிகாட்டி மேத்யூஸும் 1963இல் எழுதினார்கள். கனடாவின் லாரன்ஸ் மார்லி இதையே தனியாகக் கண்டுபிடித்து எழுதியபோது இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வைன் சொன்னதையும் பலர் உடனே நம்பவில்லை. 1966இல், பசிபிக் தென்கோடியில் எல்டானின் என்ற அமெரிக்கக் கப்பல் எடுத்த காந்த அளவீடுகளை வரைந்த கோட்டை, கண்டங்கள் நகர்வதை அதுவரை ஏற்காதவர்கள் நிறைந்திருந்த அமெரிக்காவின் லாமண்ட் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எதிர்ப்பு தளரத் தொடங்கியது. மலைத்தொடரின் கிழக்கே ஏறி இறங்கியதுபோலவே மேற்கேயும் அந்தக் கோடு ஏறி இறங்கியிருந்தது. கடல்தரை இருபுறமும் விரிகிறது, கண்டங்களும் அதனுடன் நகர்கின்றன என்பதற்கு அதுவே சான்றானது. அதன் படி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் மடித்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

அன்புடன்,
அம்மா