அப்பா ஊற்றிய ஸ்டவுட்

ஹட்டன்
2025 மே 18

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கைக்கு வந்து மூன்று கிழமையாகிறது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டி அனுப்பியிருப்பேன். "அந்த மாமா பேனா பிடிச்சு எழுதியிருக்காங்க, நீங்களும் பேனா பிடிங்க" என்று மகள் சொல்லிவிட்டாள். நாற்பது வருசம் கரும்பலகையில் எழுதிய கை இது. தாளில் எழுதினால் வரி மேலே ஏறுகிறது, பொறுத்துக்கொள்.

மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்காரி சுகம். எனக்கு அறுபது முடிந்து பென்சனும் எடுத்தாகிவிட்டது. இனிமேல் காலையில் மணிச்சத்தம் கேட்டு ஓடவேண்டியதில்லை. ஆனாலும் ஆறரைக்கே முழிப்பு வந்துவிடுகிறது.

நீ கேட்ட காரியத்துக்கு வருகிறேன். டிசம்பரில் வரும்போது நுவரெலியாவில் ஒரு பப்பில் ரெண்டு பேருமாக உட்கார்ந்து, துரைமாதிரி கால்மேல் கால் போட்டு ஒரு ஸ்டவுட், அந்தக் கருப்புப் பியர், குடிக்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். 1982ல் இந்தியாவுக்குக் கப்பலேற நீ தலைமன்னாருக்குப் புறப்பட்ட அன்றைக்கு ஹட்டன் ஸ்டேசனில் வைத்துச் சொன்ன அதே பேச்சு. மறப்பேனா? ஆனால் மச்சான், ஒத்திகை பார்க்க நான் முந்திப் போய் வந்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் என் அறுபதாவது பிறந்தநாள். மகளும் மருமகனும் சேர்ந்து, "அப்பா, எங்க போகணும், சொல்லுங்க" என்றார்கள். வீட்டுக்காரி கோயில் என்றாள். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம் நுவரெலியா என்று நான் ராசி பண்ணிவிட்டேன். ஏப்ரல் சீசன் முடிந்துவிட்டது, குதிரை ரேஸ் கூட்டமெல்லாம் இறங்கியிருக்கும், நிம்மதியாக உட்காரலாம் என்று கணக்குப் போட்டேன். எங்கே பிழை விட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. சீசனுக்கு எடுத்த பொடியன்மாரை சீசன் முடிந்ததும் நிற்பாட்டிவிடுகிறார்கள். நாங்கள் போன இடத்தில் இருபது மேசைக்கு ஒரே ஒரு பையன்.

இடத்தின் பெயர் எழுதமாட்டேன். கல்லுக்கட்டடம், மரத்தூண், உள்ளே கணப்பு அடுப்பு, சுவரில் மான்கொம்பு. பார்க்க எல்லாம் உன் கனவில் வருவதுபோலத்தான். ஜன்னலோரத்து நாலு மேசையிலும் 'ரிசர்வ்ட்' அட்டை. எங்களைக் கொண்டுபோய்க் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ரெண்டு மணித்தியாலம் இருந்தோம். அட்டை போட்டிருந்தவர்கள் யாரும் வரவில்லை. நடுவில் வெள்ளைக்கார ஜோடி ஒன்று வந்தது. ஒரு மேசையில் அட்டையைத் தூக்கி மடித்து வைத்துக்கொண்டு அவர்களை உட்காரவைத்தார்கள். மருமகனுக்கு முகம் சிவந்துவிட்டது. நான்தான் கையைப் பிடித்தேன். பிறந்தநாள் அன்றைக்கு எதற்குச் சண்டை?

என் அப்பா துரைமார் கிளப்பில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக நிற்பார். நாம் ரெண்டு பேரும் பின்வாசல் பக்கம் போய் நின்றால் மிச்சம் வந்த கேக் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். ஸ்டவுட் ஊற்றுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கிளாஸை சவர்க்காரம் போட்டுக் கழுவவிடமாட்டார். பச்சைத்தண்ணியில் அலசி, துணியின்மேல் கவிழ்த்து வைப்பார், துடைக்கவும் மாட்டார். சவர்க்காரமோ எண்ணெய்ப்பசையோ கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காது. பிறகு கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தோடு ஒழுகவிட்டு, கடைசியில் நிமிர்த்துவார். மேலே ரெண்டு விரல்கட்டை நுரை. ஏன் அப்படி என்று அவருக்குத் தெரியாது. நான் விஞ்ஞானம் படித்தபிறகுதான் காரணம் சொல்லிக் கொடுத்தேன். "அப்ப நா இவ்வளவு காலமா செஞ்சது சரிதானா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தப் பப்பில் எனக்கு வந்த ஸ்டவுட்டைக் கேள். பாத்திரம் கழுவும் மிசினிலிருந்து நேரே எடுத்த கிளாஸ், கையில் பிடித்தால் சூடு. விளிம்பில் யாரோ ஒரு அம்மாவின் உதட்டுச்சாயம். போத்தலோ பல்லுக் கூசுகிற குளிர். அந்தப் பையன் கிளாஸை மேசையில் வைத்தபடியே போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தான். நுரை பொங்கி வழிந்து மேசைவிரிப்பை நனைத்தது. ஒரு நிமிசத்தில் எல்லாம் செத்து, கொத்தமல்லித் தண்ணிமாதிரி கிடந்தது. அவ்வளவு குளிரில் கருப்புப் பியரின் ருசி தெரியவே தெரியாது. அல்கஹோல் 8.8 சதவீதம் என்று போத்தலில் போட்டிருப்பது மட்டும் மண்டைக்குத் தெரிந்தது. இந்தக் கம்பெனிக்காரர் 1881லிருந்து பியரை நுவரெலியாவில்தான் வடித்தார்கள் என்று நான் வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இப்போது ஆலை கொழும்புக்குப் பக்கத்துப் பியகமவில், போத்தல் கீழேயிருந்து லொறியில் மலையேறி வருகிறது. வந்த களைப்பு அதற்கும் இருக்காதா?

சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம். ஃபிஷ் அன்ட் சிப்ஸும், வீட்டுக்காரிக்காக ஒரு டெவல் சிக்கனும் சொல்லியிருந்தோம். டெவல் என்றால் வெங்காயமும் கறிமிளகாயும் பெரிய நெருப்பில் பிரட்டி, ஆவி பறக்க வரவேண்டும் இல்லையா? வந்தது தக்காளி சோஸில் நீச்சலடிக்கிற கோழி. வீட்டுக்காரி ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "இது ஜாம்ங்க" என்றாள். மீனின் மேல்மாவு ஈரத்துணிமாதிரி உரிந்து வந்தது. பட்டாணி கல்லு. சிப்ஸ்தான் என்னை முறித்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் கிழங்குத் தோட்டம். நுவரெலியாக் கிழங்கு என்றால் கொழும்பிலேயே தனி விலை. தட்டில் இருந்ததோ ஒரே நீளத்தில் வெட்டி, உறையவைத்து, பையில் வந்த வெளிநாட்டுச் சிப்ஸ், அதுவும் துவண்டு போய்.

மனேஜரைக் கூப்பிட்டேன். வந்தார், டை கட்டியிருந்தார். "சேர், இந்த உயரத்தில இப்படித்தான், சிப்ஸ் மொறுமொறுன்னு வராது" என்றார். மச்சான், வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்! நான் உட்கார்ந்தபடியே பாடம் எடுத்துவிட்டேன். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம், காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணி 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், அந்தப் பட்டாணி வேகாததற்கு அது பாதிக் காரணம் என்று ஒத்துக்கொள்கிறேன், கூட நேரம் அவித்திருக்கலாம். ஆனால் எண்ணெய் இங்கே கொதிப்பதில்லை, அடுப்பைக் கூட்டினால் 180 பாகைக்கு எந்த மலையிலும் ஏறும். எண்ணெய் சூடாகுமுன் கிழங்கைப் போட்டதற்கு மலை என்ன செய்யும்? மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். மனேஜர், "ஓகே சேர், சொல்றேன் சேர்" என்றுவிட்டுப் போனவர்தான், திரும்பவில்லை.

அதற்குமேல் பில். கடிதத்தோடு வைத்து அனுப்பலாம் என்று பார்த்தேன், மருமகன் வாங்கிக் கிழித்துவிட்டான். மீன் 2,950, கோழி 2,400, என் ஸ்டவுட் 1,400, அவன் லாகர் 1,300, ஜின்ஜர் பியர் 500, அரை லீற்றர் தண்ணிப் போத்தல் 300. அந்தத் தண்ணிப் போத்தலின் மேலேயே 70 ரூபா என்று அடித்திருக்கிறது! மகள் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்து நுகர்வோர் அதிகார சபையில் சொல்லப்போகிறேன் என்று நின்றாள். ஆகமொத்தம் 8,850. அதற்கு மேலே சேவைக்கட்டணம் 10 வீதம், அந்தத் தொகைக்கும் மேலே வற் வரி 18 வீதம். 11,487 ரூபா. தேயிலைத் தோட்டத்தில் இந்த வருசம் ஒரு நாள் சம்பளம் 1,350. எட்டரை நாள் கொழுந்து, மச்சான். கணக்குப் போடக்கூடாது என்றுதான் போனேன், கை சும்மா இருக்கவில்லை.

சேவைக்கட்டணம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பையன் மிச்சக்காசு கொண்டுவந்தபோது தமிழில் கேட்டேன், "எந்தப் பக்கம் தம்பி?" அதுவரைக்கும் எங்களோடு இங்கிலீசும் சிங்களமும் மட்டும் பேசியவன், சட்டென்று தாழ்ந்த குரலில் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னான். தலவாக்கலைப் பக்கம். காலை ஏழு மணிக்கு வந்தவன், இன்னும் உட்காரவில்லையாம். ஸ்டவுட் ஊற்ற யாராவது சொல்லித் தந்தார்களா என்று கேட்டேன். "இல்ல சேர், வந்த அன்னிக்கே ட்ரேயைக் கையில குடுத்துட்டாங்க" என்றான்.

கிளாஸை எப்படிச் சாய்ப்பது என்று வெறும் கிளாஸை வைத்துக் காட்டினேன். ரெண்டு தரம் செய்து பார்த்தான். மூன்றாம் தரம் மனேஜர் கூப்பிட்டுவிட்டார், ஓடினான்.

வேனில் திரும்பும்போது மருமகன் போனை எடுத்து ஒரு நட்சத்திரம் போடப் போனான். வேண்டாம் என்றேன். திட்டு முழுக்க அந்தப் பையன் தலையில்தான் விழும், முதலாளி கொழும்பிலே இருப்பார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க இப்படி விட்டுவிட்டுத்தான் எல்லா இடமும் இப்படி" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்னும் வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. நீ என்ன சொல்கிறாய் என்று எழுது.

ஆகவே பப்புக்கு நான் வரமாட்டேன். தோட்டங்களை 1975ல் அரசாங்கம் எடுத்தபிறகு துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள் அல்லவா, அப்போது அப்பாவுக்கு ஒரு கைப்பிடிக் கிளாஸ் கொடுத்தார்கள். இத்தனை காலம் அதில் பேனா போட்டு வைத்திருந்தேன். போன கிழமை எடுத்துக் கழுவினேன், சவர்க்காரம் போடாமல்தான். அடியில் ஒரு சின்ன உடைவு, ஒழுகவில்லை. ஒன்றுதான் இருக்கிறது, மாறி மாறிக் குடிப்போம். பைட்டுக்கு, குடிக்கும்போது கொறிக்க, வீட்டுக்காரி மாசிச் சம்பலும் ரொட்டியும் செய்வாள். நல்ல கிழங்காகப் பார்த்து நான் பொரிக்கிறேன், எண்ணெய் காய்ந்தபிறகு.

டிசம்பர் 4ஆம் திகதி போயா, பௌர்ணமி விடுமுறை. அன்றைக்குச் சாராயக் கடை மூடிவிடும், ஆதலால் முந்தியோ பிந்தியோ வருகிறமாதிரி டிக்கெட் போடு. ஊட்டி வர்க்கி ரெண்டு பாக்கெட் கொண்டுவா, உடையாமல்.

உன் கூட்டாளி